சைஸ் பண்ண கேஸ் சேம்பர்ல இறுகுதா? டைய திருகறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

டல்லாஸ்ல இருக்கற என் சித்தப்பா பையன் 308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு வீட்லயே தோட்டா ரீலோட் பண்றான், அதாவது சுட்டு முடிஞ்ச பித்தளைக் கூட்ட (கேஸ்) பிரஸ்ல டைன்ற அச்சுக்குள்ள அமுக்கி அளவுக்கு கொண்டு வந்து (சைஸ் பண்ணி) திரும்ப தோட்டாவாக்கறான். சேம்பர்னா குழல்ல தோட்டா உக்காற குழி, போல்ட்னா அத பின்னாடி மூடற பூட்டு. அங்க அது சகஜமான பொழுதுபோக்கு, இங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டத்துல குற்றம், அதனால நம்ம ஊர்ல யாரும் கை வெச்சிடாதீங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம்ல இருக்கேன், பித்தளைய டையில அமுக்கறதுதான் எனக்கு சோறு போடுது, அதனால சந்தேகம்னா என்னத்தான் கூப்பிடுவான்.

"அண்ணா, சுட்ட கேஸ் அப்படியே போட்டா போல்ட் சுமாரா மூடுது, சைஸ் பண்ணிட்டு போட்டா இன்னும் டைட்டா இருக்கு, டை போச்சா?"ன்னு கேட்டான். டை போகலடா, டை பாதில நிக்குது. டை மொதல்ல கேஸோட உடம்பத்தான் சுத்தி அமுக்கும், பேஸ்ட் ட்யூப நடுவுல புடிச்சா பேஸ்ட் வாய்ப்பக்கம் ஓடற மாதிரி பித்தளை முன்னாடி தள்ளி ஷோல்டர் (உடம்பு கழுத்தா குறுகற சரிவு) மேல ஏறிடும், அதுக்கப்புறம் டையோட ஷோல்டர் வந்து தொட்டாதான் பின்னாடி போகும், அது தொடறதுக்கு முன்னாடி நிறுத்திட்டா கேஸ் சுட்டப்ப இருந்தத விட நீளமாத்தான் வெளிய வரும். சைஸ் பண்ணோமே, சின்னதாதான ஆகணும்னு நெனைக்கறது நியாயம், ஆனா எல்லா எடமும் ஒரே நேரத்துல சின்னதாகாது.

உடனே "கால் சுத்து இறக்கிடவா"ன்னான். இங்கதான் எனக்கு பதறுச்சு. டையோட மரை 7/8 இன்ச், இன்ச்சுக்கு 14 மரை. ஒரு முழு சுத்துக்கு 71 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) இறங்கும், கால் சுத்துக்கு கிட்டத்தட்ட 18 தௌ. போல்ட் ஆக்‌ஷனுக்கு ஷோல்டர் பின்னாடி போக வேண்டியது வெறும் 2 தௌ, அதாவது 0.05 மில்லிமீட்டர், டைய பத்து டிகிரி திருப்பினா போதும். 308க்கு சேம்பர் பாக்கற கோ கேஜ் (இதுக்கு போல்ட் மூடணும்) 1.630 இன்ச், நோ-கோ (இதுக்கு மூடக் கூடாது) 1.634, நடுவுல இருக்கறதே 4 தௌதான், அந்த இடத்துல போய் 18 தௌ இறக்குவியாடா?

அதனால மொதல்ல அளக்கணும். சுட்ட கேஸ்ல ப்ரைமர (அடில இருக்கற, பொறி வெக்கற சின்ன மூடி) தட்டி எடுத்துட்டுத்தான் அளக்கணும், ஏன்னா ப்ரைமர் லேசா துருத்திட்டு இருந்தா ரீடிங் பொய் சொல்லும். காலிப்பர்ல கம்பேரேட்டர் புஷ் (ஷோல்டர்ல உக்காற வளையம்) மாட்டி ஷோல்டர் வரைக்கும் எவ்ளோன்னு எழுதி வெச்சுக்கணும், அப்புறம் டைய கொஞ்சம் கொஞ்சமா இறக்கி ஒவ்வொரு தடவையும் அளக்கணும். நம்பர் மொதல்ல ஏறும், பயப்பட வேணாம், அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். போல்ட்ல ஃபயரிங் பின்னும் எஜெக்டரும் (கேஸ வெளிய தள்ற பின்) கழட்டிட்டு காலி கேஸ போட்டுப் பாத்தா கை பிடி தானா விழுதா, எங்க தடுக்குதுன்னு விரல்லயே தெரியும். பிரஸ் முழுசா ஏறி நிக்கறப்ப ஷெல் ஹோல்டருக்கும் (கேஸோட அடிய புடிக்கற பாகம்) டைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னும் பாக்கணும், காலியா இருக்கறப்ப ஒட்டி நிக்கும், கேஸ் உள்ள போனதும் பிரஸ் விரிஞ்சு குடுத்துடும்.

ஷோல்டர் சரியா இருந்தும் இறுகுதுன்னா ஊகம் வேணாம், எங்க ஷாப்ல ப்ளூ (நீல மை) தடவி பாக்கற மாதிரி கேஸ் முழுக்க மார்க்கர் அடிச்சு சேம்பர்ல போட்டு எடுங்க, எங்க மை அழிஞ்சிருக்கோ அங்க தேய்க்குது. அடிப்பக்கம் அழிஞ்சிருந்தா சாதா டை அங்க போதுமான அளவு அமுக்கல, அடிய இன்னும் அமுக்கற ஸ்மால் பேஸ் டை வேணும். இதோட கழுத்து உள்ள லூப் (வழுக்கறதுக்கு தடவற மசகு) இல்லாம இழுத்தா எக்ஸ்பாண்டர் பால் (கழுத்த உள்ள இருந்து விரிக்கற குண்டு) கீச்சுன்னு கத்திட்டு ஷோல்டரையும் சேத்து மேல இழுத்துட்டு வந்துடும், கழுத்துக்கு உள்ள லேசா தடவினா போதும், வெளிய அள்ளி அப்பினா ஷோல்டர்ல குழி விழும்.

ஒரே செட்டிங்ல ஒரு கேஸ் சரியாவும் இன்னொண்ணு நீளமாவும் வந்தா டைய தொடாதீங்க. கேஸ் பித்தளைல 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், திரும்பத் திரும்ப சுட்டு சைஸ் பண்ணப்பண்ண கெட்டியாகிட்டே போகும், கெட்டியானது அமுக்கினா திரும்ப எகிறும். கழுத்தும் ஷோல்டரும் மட்டும் அனீல் பண்ணணும் (சூடு காட்டி மெத்துனு ஆக்கணும்), அடிப்பக்கம் சூடு போகவே கூடாது, அது மெத்துனு ஆனா சுடறப்ப ப்ரஷர் தாங்காது.

இறுக்கம் போகணும்னு ஷோல்டர ரொம்ப பின்னாடி தள்ளறது இதவிட ஆபத்து. ஒவ்வொரு தடவை சுடறப்பவும் கேஸ் இழுபட்டு அடிக்கு கொஞ்சம் மேல உள்சுவர் தேஞ்சு, ஒரு நாள் கேஸோட அடிப்பாகம் தனியா பிஞ்சு வரும், வெடிச்ச வாயு மூஞ்சிக்கு நேரா பின்னாடி பாயும். பேப்பர் க்ளிப்ப நிமித்தி முனைய வளைச்சு உள்சுவர்ல அடிப்பக்கமா இழுத்துப் பாருங்க, பள்ளம் தட்டுச்சுன்னா அந்த கேஸ நசுக்கி குப்பைல போட்டுடுங்க.