போர்டு மாற்றும் முன் டிஸ்க்கைக் கழற்றினேன்

2012இல் வாங்கிய டெஸ்க்டாப். எச்61 மதர்போர்டு, ஐ3 பிராசசர், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மனைவியின் டிடிபி வேலை முழுவதும் அதில்தான்: கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்க மலர். தம்பி கடையின் பழைய டாலி கணக்கும் அதிலேயே. ஒரு நாள் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போடுவது, சிமாஸ் பேட்டரி மாற்றுவது, வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வைத்துப் பார்ப்பது என்று வழக்கமான வைத்தியம் எல்லாம் ஆயிற்று. பிராசசர் பக்கத்தில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

சர்வீஸ் கடையில், "போர்டு போச்சு சார். வேற போர்டு போட்டு, புதுசா விண்டோஸ் ஏத்திக் குடுத்துடறேன். டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்" என்றார். டி டிரைவ் இருக்கும், சரி. ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில் அல்லவா இருக்கின்றன? விண்டோஸ் ஏற்றும்போது அதை ஃபார்மட் செய்துவிட்டால் அப்புறம் யாரைக் கேட்பது? "டிஸ்க்கை மட்டும் கழற்றிக் குடுங்க தம்பி, காப்பி எடுத்துட்டுத் தர்றேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், கழற்றித் தந்தார்.

போர்டு போனாலும் டிஸ்க்கில் எழுதியது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். அதைப் படிக்க வேறொரு கம்ப்யூட்டர் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க் ஓட 12 வோல்ட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி போர்ட் 5 வோல்ட்தான் தரும். அதனால் லேப்டாப் டிஸ்க்குக்கு விற்கிற மலிவான கேபிள் இதற்கு உதவாது. டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கன்வெர்ட்டரை, தனி பவர் அடாப்டரோடு வருவதாகக் கேட்டு வாங்கினேன்.

தம்பியின் லேப்டாப்பில் செருகியதும் டிரைவ்கள் வந்தன. மனைவியின் யூசர் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. பயப்பட ஒன்றுமில்லை. பழைய விண்டோஸில் இருந்த யூசர் இந்த லேப்டாப்புக்கு அந்நியர், அவ்வளவுதான். கன்டின்யூ கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் திறக்கும். 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மட்டும் எக்காரணம் கொண்டும் ஓகே கொடுக்கக் கூடாது.

இனிதான் முக்கியமான இடம். சங்க மலரின் பழைய ஃபைல் ஒன்றை லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. ஃபைல் கெடவில்லை. அது பாமினியில் அடித்தது, லேப்டாப்பில் பாமினி ஃபான்ட் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் பல, தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தம் விருப்பப்படி உட்கார வைத்திருக்கும். ஃபான்ட் இல்லாத ஃபைல் சாவி தொலைந்த பெட்டிதான். அதனால் டாக்குமென்டுகளோடு விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக எடுத்தோம். டாலியின் டேட்டா ஃபோல்டர் சி டிரைவில் டாலிக்குள்ளேயே கிடந்தது, அதுவும் வந்தது. குரோம், எட்ஜ் போன்ற பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் இப்படி வராது. அவை பழைய விண்டோஸ் லாகினோடு பூட்டப்பட்டவை.

காப்பி முடிந்ததும் ஆங்காங்கே சில ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோனேன். புதுத் தலைமுறை போர்டு என்றால் பிராசசர், ரேம் எல்லாமே மாற்ற வேண்டும். அதனால் எச்61 போர்டே போட்டோம். விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத் திரை வந்தது. பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தது. பழைய போர்டில் ஏஹெச்சிஐ. அதை மாற்றியதும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்றது, புதுசாக விண்டோஸ் ஏற்ற வேண்டியே இருக்கவில்லை. இந்தப் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. எனவே இப்போது நெட் இல்லாமல் டிடிபிக்கு மட்டும் ஓடுகிறது.

கொஞ்ச நாளில் அக்கா மகளின் லேப்டாப்பிலும் போர்டு போயிற்று. அது வேறு கதை. புது லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் போர்டோடு போய்விடும். புதுப் போர்டு போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறெதில் செருகினாலும் பயனில்லை. நல்லவேளை, அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ இருந்தது. போனில் உள்ளே போய்ப் பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பைக் கடையில் கொடுத்தோம்.