தண்ணீர் பார்த்து உருட்டுவது

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரும்புத்தாது என்றால் காயப்போட்ட துணியில் படிந்த செந்தூசிதான் நினைவுக்கு வரும். 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் தாதையும் நிலக்கரியையும் கையாள்வது நின்றது. நான் அந்தத் தூசியை உருண்டை பிடிக்கிற ஆலையில், பெல்லாரிப் பக்கம், பல வருடம் இருந்தவன். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் அதே உருண்டைகளை உடைத்துப் பார்ப்பது வேலை.

புதிதாகச் சேரும் பையன்கள் முதலில் ஃபர்னஸைப் பற்றித்தான் கேட்பார்கள். "எவ்ளோ டிகிரிண்ணா?" 1,250-லிருந்து 1,350 வரை என்றதும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அந்தச் சூட்டின்மேல் அவ்வளவு மரியாதை இல்லை. பர்னரைக் கூட்டினால் சூடு வந்துவிடும். பெல்லட், அதாவது அந்தத் தாது உருண்டை, தேறுமா தேறாதா என்பது அதற்கு வெகு முன்பே, தண்ணீரில் முடிவாகிவிடுகிறது.

தாதில் பெரும்பகுதி 45 மைக்ரானுக்கும் கீழே வரும்படி அரைத்து, நூற்றுக்கு ஒரு பங்குகூட வராத அளவு பெண்டோனைட் களிமண் சேர்த்து, சாய்வாகச் சுற்றும் பெரிய தட்டில் விழவிடுவார்கள். மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும். பொடி உருண்டு, பருத்து, 8-லிருந்து 16 மில்லிமீட்டர் அளவில் விளிம்பைத் தாண்டி விழும். ஈரம் 8, 9 சதவீதம், மிஞ்சினால் 10. அனுபவப்பட்ட ஆபரேட்டர் விளிம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். மேலே ஈரம் மினுங்கினால் உடனே வால்வைக் குறைப்பார். மீட்டரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். இன்னும் சுடாத பச்சை உருண்டையை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் திரும்பத் திரும்பப் போட்டு, எத்தனையாவது விழுகையில் விரிசல் விடுகிறது என்று எண்ணுவதும் உண்டு.

சேர்த்த தண்ணீரை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூட்டில் தள்ளினால், ஈரச் சீடை எண்ணெயில் வெடிப்பதுபோல, உள்ளே நீராவி அடைபட்டுப் பிளந்துவிடும். அதனால் உருண்டைகளைச் சுமந்து நகரும் கிரேட்டில், அதாவது இடைவெளி விட்ட இரும்புத் தட்டில், முதலில் கீழிருந்து மேலாகச் சூடான காற்று, பிறகுதான் மேலிருந்து கீழாக. எடுத்ததுமே மேலிருந்து ஊதினால் ஆவி அடி வரிசையில் குளிர்ந்து மறுபடி நீராகும். அந்த உருண்டைகள் குழைந்து, மேல் பாரத்தில் நசுங்கிவிடும்.

சுடுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்னடைட் தாது ஆக்சிஜனோடு சேர்ந்து தானே கொஞ்சம் சூடு தரும். பெல்லாரியில் கிடைக்கும் ஹெமடைட் தாது அப்படித் தராது, அதற்கு நிலக்கரிப் பொடியைக் கலக்க வேண்டும்.

இங்கே சோதனைக்கூடத்தில் குறைந்தது 60 பெல்லட்டை ஒவ்வொன்றாக நசுக்குகிறோம். சராசரி 250 கிலோ தாங்கியது என்றால் ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். நான் 100-க்குள்ளேயே உடைந்தவை எத்தனை என்று பார்ப்பேன். நாளைக்கு இரும்பு உருக்கும் ஊதுலையில் பொடியாகிக் காற்றை அடைக்கப்போவது அவைதானே. அந்த எண்ணிக்கையைத் தனி வரியாகச் சேர்த்தே அனுப்புகிறேன். சில வாடிக்கையாளர்கள் போன் போட்டு, "சார், அந்த வரி தேவையா?" என்கிறார்கள்.