பூனை வணங்கி

பொட்டனி மாஸ்ரர் காலமான செய்தியைச் சொன்ன மலர்க்குழுத் தம்பி, அதே அழைப்பிலேயே ஒரு பக்க அஞ்சலியும் கேட்டார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் அஞ்சலி வரவில்லை, பூனைதான் வருகிறது. என் வகுப்புக்காரர் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1979. கிணற்றடி வேலிக்குள் போன பந்தை எடுக்கக் கையை விட்டேன். பழைய பனையோலைக்குள் இருந்த புலிமுகச் சிலந்தி பெருவிரலடியில் கடித்தது. கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல் ஒரு எரிவு. விடுதிச் சமையற்கட்டு ஆச்சி பதறவேயில்லை. வேலியோரத்துக் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, உப்பும் மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்து, மணிக்கட்டுவரை அப்பி, பழஞ்சீலைத் துண்டால் கட்டிவிட்டார். "மூண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது. உப்புப் புளியும் வேண்டாம், ராசா." விடுதிச் சொதியில் உப்புப் புளி என்றைக்கு இருந்தது என்று கேட்க எனக்கு வாயில்லை.

குப்பைமேனி வேருக்குப் பூனை மயங்கும். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. எனக்கு அது தெரியாது, விடுதிப் பூனைக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் ஆய்வுகூடத்துக்கே பின்னால் வந்து, வாங்கில் ஏறி, என் கைக்கட்டில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து உருண்டது. மாஸ்ரர் சோக்கைக் கீழே வைத்தார்.

"எழும்பும். கையில என்ன தாவரம்?"

சொன்னேன்.

"தாவரவியற் பெயர்?"

தெரியாது.

"குடும்பம்?"

அதுவும் தெரியாது.

"ரெண்டு வருசமா என்னட்டைப் படிக்கிறீர். பூனை இண்டைக்குத்தான் வந்தது. அது இனங்கண்டிட்டுது."

பாடம் முடியும்வரை நின்றேன். பூனை வாங்கில் படுத்திருந்தது. ஏ.எல். முடியும்வரை என் பெயர் பூனை. இங்கே சிட்னி ஒன்றுகூடல்களில் இன்றும் அதுதான் பெயர், பேரப்பிள்ளைகளுக்கு முன்னாலும்.

அன்று பின்னேரம் மாஸ்ரரே விடுதிக்கு வந்தார். கட்டை அவிழ்த்தார். கடிவாய் சீழ் பிடித்து, ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. என்னைச் சயிக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். பாதி வழிவரை ஒரு சொல் இல்லை. பிறகு, "நானறியச் சிலந்தி கடிச்சு இங்கை ஆரும் சாகேல்லை. மண்ணோட வேரை அரைச்சுப் புண்ணில கட்டினால்தான் பயம்" என்றார். திரும்பி வரும்போது மட்டும், "ஆச்சியிட்டை இதைச் சொல்லாதையும். மனம் நோவா." நான் சொல்லவில்லை. தன் மருந்துதான் சுகமாக்கியது என்ற நம்பிக்கையோடுதான் ஆச்சியும் போய்ச் சேர்ந்தார்.

1984இல் புறப்பட்டேன். அவரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. அந்த நாளில் யார் யாரிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்? ஆனாலும் அவர் வீடு மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருந்தது.

வந்து சேர்ந்த நாடும் சிலந்தி நாடாகப் போய்விட்டது. ஃபனல் வெப் கடித்தால் கடிபட்ட கை அல்லது கால் முழுதும் பண்டேஜை இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ரெட்பேக் என்றால் கட்டே கூடாது, ஐஸ் மட்டும். ஃபனல் வெப்புக்கு 1981இல் மாற்றுமருந்து வந்தது. இதெல்லாம் பேத்தி ஒப்பிப்பாள். போன கோடையில் தோட்டத்துக் கதிரையடியில் ரெட்பேக் என் விரலைக் கடித்தபோது ஐஸ் வைத்தவளும் அவள்தான். மனைவி மஞ்சளோடு வந்து நின்றாள். கடிவாயில் வேண்டாம், பக்கத்தில் பூசு என்றேன். அவளுக்கும் மனம் நோகக்கூடாதே.

2013இல் ஊருக்குப் போனபோது மாஸ்ரரின் படலைவரை போனேன். பத்து நாள் பயணத்தில் ஒன்பதாம் நாள். கையில் ஒரு சொக்லேட் பெட்டிகூட மிச்சமில்லை. உள்ளே ரேடியோ கேட்டது. படலைக் காலடியில் குப்பைமேனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அக்கலிஃபா இண்டிகா. யூஃபோர்பியேசியே. வானில் இருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஏறிவிட்டேன்.