நியூட்டனுக்கு இரண்டு பிறந்த நாள்

இன்றைய பேப்பரில் ‘வரலாற்றில் இன்று’ பகுதி: ஜனவரி 4, ஐசக் நியூட்டன் பிறந்த நாள். பத்து நாளைக்கு முன்னால், டிசம்பர் 25 அன்றும் அதே பெயர்.

இரண்டுமே சரி!

அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாள்காட்டி. அதில் அன்று 1642 டிசம்பர் 25. இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்ட இத்தாலியில் அதே நாள் 1643 ஜனவரி 4.

கிரகோரியன் தேதி கிடைக்க, அப்போதைய ஜூலியன் தேதியோடு 10 நாள் கூட்ட வேண்டும். 1700 மார்ச் முதல் 11, 1800 மார்ச் முதல் 12, 1900 மார்ச் முதல் 13. அந்த மூன்று வருடங்களிலும் ஜூலியனில் பிப்ரவரி 29 உண்டு, கிரகோரியனில் கிடையாது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாள் நவம்பர் 7இல் வருவதும் அந்த 13ஆல்தான்.

‘கலிலியோ இறந்த வருடமே நியூட்டன் பிறந்தார்’ என்று பகிர்கிறோமே, அதைக் கொஞ்சம் பாருங்கள். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 கிரகோரியன் தேதி. நியூட்டனின் 1642 ஜூலியன். எந்த ஒரே நாள்காட்டியில் வைத்தாலும் வருடம் ஒத்துப்போகாது.