பிள்ளை முகம் பார்க்க ஆயிரம் ரூபாய்

12 பிப்ரவரி 2024, திங்கள்

இரவு பத்தரை மணிக்குத் தங்கைக்குப் பனிக்குடம் உடைந்தது. 108-ஐ அழைத்த சிறிது நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அதில் வந்த இருவரும் அவளைத் தாங்கி ஏற்றி, வழியெல்லாம் தைரியம் சொல்லி, அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டார்கள். தேநீருக்கென்று நான் நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்கள். அவசரப் பிரிவு வாசலிலிருந்து பிரசவ வார்டுக்கு நூறு அடி இருந்தால் அதிகம். அந்த நூறு அடிக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவர் வார்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "பார்த்துச் செய்யுங்க சார்" என்றார். தங்கை வலி தாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். 200 ரூபாய் கொடுத்தேன், கதவைத் திறந்தார்.

கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் என்பதால், இன்றிலிருந்து கொடுப்பதையெல்லாம் குறித்து வைக்கிறேன்.

13 பிப்ரவரி, செவ்வாய்

குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று மருத்துவர் வெளியே வந்து விளக்கிச் சொல்லி, ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதிகாலை 3.40 மணிக்கு அறுவை சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்தது.

சிறிது நேரத்தில் ஆயாம்மா துணிச்சுருளோடு வந்து, "தாய்மாமன் யாரு?" என்று கேட்டார். அம்மா துவைத்து மடித்துக் கொடுத்திருந்த பழைய வேட்டித் துணிதான் அது. அதன் ஒரு முனை குழந்தையின் முகத்தை மூடியிருந்தது. வெளியே தெரிந்தது ஒரு பாதம் மட்டுமே. கணுக்காலில் சுற்றிய பிளாஸ்திரியில் என் தங்கையின் பெயர் நீல மையால் எழுதப்பட்டிருந்தது. 500 ரூபாயை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "பையன் சார். மருமகனை ஐந்நூறுக்கா பார்ப்பீங்க? ஆயிரம் குடுங்க" என்றார். இன்னொரு 500 சேர்ந்த பிறகுதான் முகத்துணி விலகியது.

தாய்மாமன் முதன்முதலாகப் பிள்ளை முகம் பார்க்கும்போது வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். நானே தேடிப்போய்க் கொடுத்திருக்கக்கூடிய பணம்தான் அது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மனத்தில் இருந்தது மகிழ்ச்சி அல்ல. தையல் போட்ட வயிற்றோடு கிடக்கும் தங்கையை இனி எழுப்பி உட்காரவைப்பவரும், துணி மாற்றிவிடுபவரும், கூப்பிட்டால் வரவேண்டியவரும் இவர்தானே என்ற அச்சம்தான் கையை நீட்டியது.

14 பிப்ரவரி, புதன்

பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவர் செங்கல் சூளையில் வேலை செய்பவர். அவருக்குப் பெண் குழந்தை, கேட்டது 500. கையில் 300-தான் இருந்ததால், தம்பி வந்து மீதியைத் தரும்வரை ஒன்றரை மணி நேரம் குழந்தையைப் பார்க்காமல் நின்றதாகச் சொன்னார். அதைவிட என்னை வருத்தியது, "பொண்ணுங்கறதால குறைச்சுக்கிட்டாங்க சார்" என்று அவர் நன்றியோடு சொன்னது. இன்றுதான் பிறந்த ஒரு பெண்ணின் மதிப்பு ஆணின் மதிப்பில் பாதி என்று அவள் தந்தையிடம் முதலில் அறிவித்தது அவருடைய உறவோ ஊரோ அல்ல, ஓர் அரசு மருத்துவமனை.

அவர் தலைக்கு மேலேயே அறிவிப்புப் பலகை இருந்தது. 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, ரத்தம், உணவு, வீடு திரும்பும் வாகனம் எல்லாமே இலவசம். மருந்துக்கு இங்கே யாரும் வெளியே சீட்டு எழுதித் தரவில்லை என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்பிலான ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தருகிறார்கள். பெரிய செலவையெல்லாம் அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நூறும் இருநூறுமாகக் கேட்கப்படுகிற இந்தப் பணத்தைத்தான் பலகை தடுக்கவில்லை.

16 பிப்ரவரி, வெள்ளி

இதுவரை எழுதிய கணக்கு: சக்கர நாற்காலிக்கு 200, குழந்தைக்கு 1,000, உடல் துடைத்துவிட 100, விரிப்பு மாற்ற 50, அம்மாவை உள்ளே விடக் காவலருக்கு 100. ஆக 1,450 ரூபாய்.

மாலையில் ஆயாம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கோபத்தோடு கேட்கத்தான் போனேன். அவர் மருத்துவமனையின் ஊழியர் அல்லர், ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினோரு ஆண்டுகளாக இதே வேலை, நிரந்தரமாகும் நம்பிக்கை இல்லை, ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். "வாங்கறது முழுசும் என் கையிலயா நிக்குது? சூப்பர்வைசருக்குப் போகணும். குடுக்கலேன்னா ராத்திரி டியூட்டியே போட மாட்டார்" என்றார். இரவில்தான் பிரசவங்கள் அதிகம் என்று அவரே விளக்கினார். பணிமுறைப் பட்டியல் இப்படி விலைக்கு வருமென்றால், எங்களிடம் கேட்கப்பட்டது அன்பளிப்பு அல்ல. அவர் கட்ட வேண்டிய கப்பத்தின் பாக்கி. இதனால் அவர் துணியை மூடிக்கொண்டு நின்றது நியாயமாகிவிடாது. ஆனாலும் படியிறங்கி வந்தபோது என் கோபம் ஒருவர்மேல் மட்டும் நிற்கவில்லை.

17 பிப்ரவரி, சனி

ஹங்கேரியில் இதற்கு 'நன்றிப் பணம்' என்றே பெயர். சோஷலிச ஆட்சியில் மருத்துவர்களின் சம்பளத்தைத் தாழ்வாக வைத்திருந்த அரசு, நோயாளிகள் உறையில் வைத்துக் கொடுத்ததைக் கண்டும் காணாமலும் விட்டது; ஆட்சி மாறிய பிறகும் முப்பது ஆண்டுகள் அது தொடர்ந்தது, பிரசவங்களில் மிக அதிகமாக. 2020 அக்டோபரில் மருத்துவர் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தச் சட்டம் இயற்றி, 2021 ஜனவரி முதல் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கினார்கள். சம்பளத்தைத் தொடாமல் தடையை மட்டும் போடவில்லை என்பதுதான் நான் அதில் கவனித்தது.

நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தி, லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள். கட்டாயத்துக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் விசாரணை அமைப்பிடம் தெரிவித்தால் விலக்கு உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தங்கையை வைத்திருக்கப்போவதும் ஏழு நாட்கள்தான். சட்டம் புகார் செய்யச் சொல்லும் அதே நாட்களில் நாங்கள் யாருடைய கையில் இருக்கிறோம் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா?

18 பிப்ரவரி, ஞாயிறு

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் காயத்தைப் பார்க்க வந்தார். ஆப்பிள் பையை நீட்டினேன். "அம்மாவுக்கு வெட்டிக் கொடுங்க" என்று கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். என் நன்றியெல்லாம் சேர்ந்தது அவரிடம். என் பணமெல்லாம் போனது வேறு இடத்துக்கு.

20 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் வழக்கம்போல் நின்றார். தர மாட்டேன் என்று சொன்னேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். போகும் நேரத்தில் மறுப்பது எளிது. இலவச வாகனத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

பிற்பகலில் லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். ஆயிரம் ரூபாய்க்கு இன்று ஏழாவது நாள். 12-ஆம் தேதி கொடுத்த 200-க்குக் காலம் கடந்துவிட்டது என்றாலும் அதையும் மறைக்காமல் எழுதினேன். தொகை, நேரம், இடம், பணிமுறைக்காக மேற்பார்வையாளர் பெறும் பங்கு, ஒப்பந்தச் சம்பளம் என ஐந்து பக்கம் ஆனது. அதிகாரி ஆயாம்மாவின் பெயரைக் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, பின் சொன்னேன். அதோடு, மேற்பார்வையாளரை விட்டுவிட்டு அவரை மட்டும் வேலையிலிருந்து நீக்கினால் அந்த இடத்தில் வரும் அடுத்தவரும் இதையேதான் செய்ய வேண்டியிருக்கும் என்பதை மனுவின் ஓரத்தில் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அம்மா இரவு சாப்பிடவில்லை. ஆறாவது வாரம் பரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குத்தானே போக வேண்டும், அங்கே இவளை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார். நானே அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.