கையெழுத்துப் போடாதவர்: ஜான் டிக்கின்சன் வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 8

அமெரிக்க விடுதலை என்றால் வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ் என்று நாலைந்து பேரையே சுற்றிச் சுற்றி வருகிறோம். ஜான் டிக்கின்சனை யாரும் எடுப்பதில்லை. போருக்கு முந்தைய பத்தாண்டில், இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் வாதத்தை எழுத்தில் வடித்தவர்களில் அவருக்கு ஈடாகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. 1765இல், அச்சிட்ட தாள்களுக்கும் பத்திரங்களுக்கும் லண்டன் நாடாளுமன்றம் போட்ட முத்திரைவரியை எதிர்த்து நியூயார்க்கில் கூடிய மாநாட்டின் தீர்மானங்களுக்கு வரைவு எழுதியதும் அவர்தான். அப்படிப்பட்டவர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்கப்புறம் வரலாறு அவரைக் கோழை என்ற பட்டியலில் போட்டுவிட்டது. அது நியாயமா என்று பார்க்க அவருடைய கடிதங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பிறந்தது 1732, மேரிலாண்ட். வளர்ந்தது டெலவேரில், டோவர் ஊருக்குப் பக்கத்தில் பாப்ளர் ஹால் என்ற பண்ணை வீட்டில். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்துவிட்டு வந்து பிலடெல்பியாவில் வழக்கறிஞர் ஆனார்.

ஜூன் 12

'பென்சில்வேனியா விவசாயியின் கடிதங்கள்'. மொத்தம் பன்னிரண்டு. 1767 டிசம்பரில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றில் தொடங்கி, வாரம் ஒன்றாக வெளிவந்தவை. மற்றக் குடியேற்றங்களின் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. ஃபிராங்க்ளின் முன்னுரை எழுதி லண்டனிலேயே பதிப்பித்தார். பாஸ்டன் நகரக் கூட்டம் நன்றித் தீர்மானம் போட்டது. எழுதியவர் ஆற்றங்கரையில் சிறு பண்ணை வைத்திருக்கும் நிம்மதியான மனிதராகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் நகரத்து வழக்கறிஞர். ஆனால் அந்த வேடம் பொருந்துகிறது. கத்தாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் எழுதுகிறார்.

முதல் கடிதமே என்னைப் பிடித்துவிட்டது. படைவீரர்களைப் பராமரிக்கும் சட்டத்துக்கு நியூயார்க் சபை முழுக்க இணங்கவில்லை என்பதற்காக அந்தச் சபையின் சட்டமியற்றும் அதிகாரத்தையே லண்டன் நாடாளுமன்றம் முடக்கியது. மற்ற ஊர்க்காரர்கள் 'நமக்கென்ன' என்று இருந்தார்கள். டிக்கின்சன் அங்கேதான் கை வைக்கிறார்: ஒரு குடியேற்றத்தின் வழக்கு எல்லாக் குடியேற்றங்களின் வழக்கு.

ஜூன் 15

ஏழாவது கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். லண்டன் நாடாளுமன்றத்தின் டவுன்ஷெண்ட் சட்டம் குடியேற்றங்களுக்கு வரும் கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை ஆகியவற்றின் மேல் வரி போட்டது. தேயிலைக்கு ராத்தலுக்கு மூன்று பென்ஸ். இவ்வளவு சின்ன வரிக்கு ஏன் இத்தனை கூச்சல் என்று அன்றும் கேட்டார்கள். டிக்கின்சனுடைய பதில்: வரி சின்னது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. பெரிய வரி என்றால் மக்கள் விழித்துக்கொள்வார்கள். சின்ன வரியைக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் அது முன்னுதாரணம் ஆகிவிடும். அடுத்தது பெரிதாக வரும்போது மறுக்க வாதம் இருக்காது.

வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. வருமானத்துக்காக வரி போடும் அதிகாரத்தைத்தான் மறுக்கிறார், அது உள்வரியோ சுங்கமோ எதுவானாலும். சட்டம் படித்தவரின் மூளை இது. ஆபத்து எங்கே நுழையும் என்று வாசலிலேயே நின்று பார்க்கும் புத்தி.

ஜூன் 16

அதே கடிதத்தின் முடிவை நேற்று எழுதாமல் விட்டேன். தன் சம்மதமோ பிரதிநிதிகளின் சம்மதமோ இல்லாமல் வரி விதிக்கப்படுபவர்கள் அடிமைகள், ஆகவே நாம் அடிமைகள் என்று முடிக்கிறார். அந்தச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதியபோது அவர் குடும்பப் பண்ணையில் நிஜமான அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்று பென்ஸ் வரியையும், பிறந்த குழந்தைகூட இன்னொருவருக்குச் சொத்தாக இருக்கும் வாழ்க்கையையும் ஒரே சொல்லால் குறிக்கிறார். கோபம் வராமல் இதைப் படிக்க முடியவில்லை.

1777இல் நிபந்தனையோடு அவர்களை விடுவித்தார். 1786இல் நிபந்தனையை எடுத்துவிட்டார். விடுதலை பேசிய பெரும் பண்ணையாளர்களில் தன் வாழ்நாளிலேயே இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. அது உண்மை. பத்தாண்டு, இருபதாண்டு காத்திருந்தவர்களுடைய வாழ்க்கை கழிந்துபோனதும் உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பண்ணை நிலத்தில் பெயர் பொறிக்காத இடுகாடு ஒன்றைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஜூன் 22

1775. லெக்சிங்டனில் ஆங்கிலப் படையோடு முதல் மோதல், ரத்தம் சிந்தியாயிற்று. டிக்கின்சன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார்: ஜெஃபர்சனோடு சேர்ந்து, ஏன் ஆயுதம் எடுத்தோம் என்று உலகுக்குச் சொல்லும் அறிக்கை, மன்னருக்குச் சமாதான மனு. ஜூலையில் கையெழுத்தான மனுவை மன்னர் ஜார்ஜ் வாங்கிப் பார்க்கவே மறுத்தார். ஆகஸ்டில் குடியேற்றங்கள் கலகம் செய்வதாக அறிவித்தார்.

பிரிந்தே ஆக வேண்டும் என்ற பக்கத்தில் நின்ற ஜான் ஆடம்ஸுக்கு இந்த மனு பிடிக்கவே இல்லை. டிக்கின்சனைப் 'பெரும் பணமும் சில்லறை அறிவும் உள்ள ஒருவர்' என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தை ஆங்கிலேயர்கள் வழியில் பிடித்து அச்சிட்டுவிட்டார்கள். செப்டம்பரில் பிலடெல்பியாவின் செஸ்ட்நட் தெருவில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஆடம்ஸ் தொப்பியைக் கழற்றி வணங்கினார். டிக்கின்சன் முகம் கொடுக்காமல் போய்விட்டார். இதை ஆடம்ஸ் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலை 1

இதே தேதியில், 1776இல், குடியேற்றங்களின் பொது அவையான காங்கிரஸில், விடுதலை அறிவிப்பு இப்போது வேண்டாம் என்று டிக்கின்சன் பேசிய கடைசிப் பேச்சு. குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. தன் செல்வாக்குக்கு இன்றோடு முடிவு என்று தெரிந்தே எழுந்து நிற்கிறார். பிரான்ஸ் உதவுமா என்று இன்னும் தெரியாது. பதின்மூன்று குடியேற்றங்களையும் பிணைக்கும் ஒப்பந்தம் இல்லை. எல்லைத் தகராறுகள் தீரவில்லை. இந்த நிலையில் பிரிவது, காகிதப் படகில் புயலுக்குள் இறங்குவது. இன்னொரு தங்குமிடம் பார்க்காமல் குளிர்காலத்தில் குடும்பத்தோடு இருக்கும் வீட்டை இடிப்பது.

இங்கே எனக்கு ஏழாவது கடிதம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே சின்ன வரிக்குப் பின்னால் வரப்போவதைப் பார்த்தார். இங்கே பெரிய அறிவிப்புக்குப் பின்னால் வரப்போவதைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே கண். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? ஊரே ஒரு பக்கம் திரும்பும்போது எழுந்து நின்று 'இப்போது வேண்டாம்' என்று சொல்லத்தான் நெஞ்சழுத்தம் வேண்டும். ஆடம்ஸேகூட அந்தப் பேச்சின் திறமையையும் பண்பையும் பிற்காலத்தில் பாராட்டினார்.

ஆனால் அவர் கணிப்பு சரியா? பிரான்ஸ் விஷயத்தில் நான் ஆடம்ஸ் பக்கம். தனி நாடு என்று அறிவிக்காதவர்களோடு யார் உடன்படிக்கை செய்வார்கள்?

ஜூலை 2

பிரிவதா என்று காங்கிரஸில் வாக்கெடுப்பு. முந்தைய நாள் பென்சில்வேனியா எதிர்ப்பு, தென் கரோலினாவும் எதிர்ப்பு, டெலவேர் பாதிக்குப் பாதி. இரவோடு இரவாக இடி மழையில் டெலவேரிலிருந்து குதிரையில் வந்து சேர்ந்தார் அதன் மூன்றாவது பிரதிநிதி சீசர் ராட்னி; டெலவேர் ஆதரவாயிற்று. தென் கரோலினா மாறியது. பென்சில்வேனியாவின் பிரதிநிதிகளான டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். அதனால் பென்சில்வேனியா மூன்றுக்கு இரண்டு என்று ஆதரவாயிற்று. நியூயார்க் மட்டும் வாக்களிக்கவில்லை. மற்றப் பன்னிரண்டும் ஒருமனம்.

ஆதரிக்க மனம் வரவில்லை, குறுக்கே நிற்கவும் மனம் வரவில்லை. ஒதுங்கியதால் காரியம் நடந்தது. அந்த மாதமே தன் படைப்பிரிவோடு நியூஜெர்சி எலிசபெத்டவுனுக்குப் போனார். எந்த அறிவிப்பை வேண்டாம் என்றாரோ அதற்காகவே துப்பாக்கி எடுத்தார். அவர் களத்தில் இருந்தபோதே, பென்சில்வேனியா அவரை விட்டுவிட்டுப் புதிய பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. மறுவருடம் அவர் மனைவி மேரி நாரிஸின் குடும்ப வீடான ஃபேர்ஹில்லை ஆங்கிலப் படை எரித்தது.

ஜூலை 9

பதின்மூன்றையும் முதலில் பிணைத்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தின் முதல் வரைவும் இவருடையதுதான். வலுவான மைய அரசு வேண்டும் என்று எழுதினார். காங்கிரஸ் அதை நீர்க்கச் செய்தது. அதன் விளைவுகளைச் சரிசெய்ய 1786இல் அன்னாபொலிஸ் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. அடுத்த வருடம், அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் டெலவேரின் பிரதிநிதி. அடிமை இறக்குமதிக்கு அரசியல் சட்டமே அனுமதி தருவது மானத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒவ்வாது என்று ஆகஸ்ட் 22 அன்று பேசினார். யாரும் கேட்கவில்லை, 1808 வரை அந்த வியாபாரத்துக்குத் தடை போட முடியாது என்று எழுதிக்கொண்டார்கள். 'அனுபவம்தான் நமக்கு வழிகாட்டி, தர்க்கம் வழிதவறச் செய்யலாம்' என்று அவர் சொன்னதும் அதே மாதம்.

உடம்பு சரியில்லாமல் முன்பே கிளம்பிவிட்டதால், அரசியல் சட்டத்தில் அவர் பெயரை எழுதியவர் சக பிரதிநிதி ஜார்ஜ் ரீட்.

அந்தச் சட்டத்தை ஆதரித்து 1788இல் ஃபேபியஸ் என்ற புனைபெயரில் எழுதிய கடிதங்கள் ஒன்பது. நாளைக்கு அதைத் தொடங்குகிறேன். விவசாயி வேடத்தில் அதிகாரத்தைச் சந்தேகித்தவர், இருபது வருடம் கழித்து அதிகாரத்தை ஆதரித்து எப்படி வாதாடுகிறார் என்று பார்க்க வேண்டும்.