புதுக்கடையிலிருந்து கைதடிக்கு

கொழும்பு, புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டுடன் நிற்கும் இளம் சட்டத்தரணிகளிடையே அரசியல் பேச்சு எழுந்தால் வட மாகாண முன்னாள் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் ஐயாவின் பெயர் வந்தே தீரும். கொழும்பில் பிறந்து, சட்டத்தரணியாகத் தொடங்கி, 2004இல் உயர் நீதிமன்ற நீதியரசராக ஓய்வுபெற்ற அவர், 2013 செப்டெம்பரில் 132,255 விருப்பு வாக்குகளுடன் வட மாகாண சபைக்குத் தெரிவாகி முதலமைச்சரானார். தீர்ப்பெழுதிப் பழகிய கைக்கு, சபைக் கட்டடம் அமைந்த யாழ்ப்பாணத்துக் கைதடியில் வாய்த்ததோ, ஆளுநரின் ஒப்புதலின்றி எந்த நியதிச்சட்டமும் (மாகாண சபை இயற்றும் சட்டம்) நடைமுறைக்கு வராத, நிதிக்கும் கொழும்பிலுள்ள மத்திய அரசையே எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒரு சபை. முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச்சட்டம்கூட அப்படித்தான் முடங்கியது. சபையில் தீர்மானங்களை நிறைவேற்றுவதில் காட்டிய வேகத்தை அவர் நிர்வாகத்தில் காட்டவில்லை என்ற விமர்சனத்தையும் நான் முழுதாகத் தள்ளிவிடமாட்டேன். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் ஆயுள் முடிந்தது.